பிறந்த தேதியில் பிரியும் உடன்பிறப்புகள்

அண்டை நாடொன்றில் பல்லாண்டு வாழ்ந்தவருக்குச் சொந்த நாட்டின் குடியுரிமை போய்விடுமா? வாழும் நாட்டின் குடியுரிமை தானாக வந்துவிடுமா? வழக்குரைஞர் என்ற முறையில், தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் சிலவற்றில் பிறப்புப் பதிவுக்கும் கடவுச்சீட்டுக்கும் உரிய படிவங்களைச் சில ஆண்டுகளாக நிரப்பிக் கொடுத்து வருகிறேன். இந்த இரு கேள்விகளும் எழாத நாளே இல்லை. இரண்டுக்கும் சட்டம் தரும் விடை 'இல்லை' என்பதுதான். வெளியே வாழ்வதால் மட்டும் ஒரு நாட்டின் குடியுரிமை பொதுவாக அற்றுப்போவதில்லை. உள்ளே வாழ்வதால் மட்டும் இன்னொன்று கிடைப்பதுமில்லை.

விடை எளிது. ஆனால், இந்த இரண்டு 'இல்லை'களுக்கும் இடையில் ஒரு குடும்பம் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பது அத்தனை எளிதன்று. 1983-க்குப் பின்னர் இலங்கையிலிருந்து கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் திரும்பிச் சென்றுவிட்டனர். வேறு நாடுகளுக்குப் போனவர்களும் உண்டு. மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் எஞ்சியிருந்ததை அண்மைய ஆண்டுகளின் அரசுக் கணக்குகள் காட்டுகின்றன. முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவோடு வாழ்வோர் இதில் சேரார். முகாம்களில் உள்ளவர்களில் பெரும் பகுதியினர் இங்கேயே பிறந்தவர்கள் அல்லது இங்கேயே வளர்ந்தவர்கள்.

சட்டத்தின் போக்கை விளக்க ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்; சட்டத்துக்குத் தேவையான தேதிகள் மட்டும் அப்படியே உள்ளன. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த கணவனும் மனைவியும் 1984 இறுதியில் படகில் இராமேசுவரம் வந்து சேர்ந்தனர். மூத்த மகள் 1987 பிப்ரவரியில் பிறந்தார். அடுத்தவர் மகன், 1989. கடைசி மகன், 1993. மூவரும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிறந்தவர்கள். மூவருக்கும் தமிழ்நாட்டு அரசின் பிறப்புச் சான்றிதழ் உண்டு. மூவரும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவர்கள்.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-இல் இயற்றப்பட்டபோது பிறப்புவழிக் குடியுரிமையில் மிகத் தாராளமாக இருந்தது. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 1950 ஜனவரி 26-க்குப் பின் இந்திய மண்ணில் பிறந்த எவரும் இந்தியரே. பெற்றோர் யார் என்ற கேள்வியே எழவில்லை. 1986-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் 1987 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கவேண்டும். வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் மக்கள் வந்துகொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 2003-இன் திருத்தம் 2004 டிசம்பர் 3 முதல் மேலும் இறுக்கியது: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்கவேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்கவேண்டும்.

இந்த மூன்று தேதிகளை நம் குடும்பத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 1987 பிப்ரவரியில் பிறந்த மூத்த மகள் பிறந்த கணத்திலேயே இந்தியக் குடிமகள். அதற்கு அவர் விண்ணப்பிக்கவும் தேவையில்லை; எவரும் வழங்கவும் தேவையில்லை. 1989-இல் பிறந்த தம்பியும் 1993-இல் பிறந்த தம்பியும் இந்தியர் அல்லர். அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவே விழுந்த கோடு 1987 ஜூலை 1. இதை முதன்முதலில் விளக்கிச் சொன்னபோது அந்தக் குடும்பத்தில் யாரும் நம்பவில்லை. மூத்தவரே நம்பவில்லை. அதுவரை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம்மை அகதியென்றே எல்லாப் படிவங்களிலும் எழுதி வந்தவர் அவர்.

அவர் மட்டுமல்லர், அதிகாரிகளுக்கும் இது எளிதில் பிடிபடவில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகவேண்டியிருந்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கு பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்திக் கடவுச்சீட்டு வழங்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். சட்டம் 1955 முதல் அச்சில் இருந்தது. அதைப் படித்துக் காட்ட ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது.

ஆனால் மூத்த மகளின் கதை இத்துடன் முடியவில்லை. அவர் 2008-இல் அதே முகாமைச் சேர்ந்த ஒருவரை மணந்தார். கணவர் 1990-இல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். அவர்களுடைய மகன் 2010-இல் பிறந்தான். தாய் இந்தியர். தந்தையோ செல்லத்தக்க கடவுச்சீட்டு இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த அயல்நாட்டவர். குடியுரிமைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு, அத்தகையவரைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வரையறுக்கிறது. தாயின் இடுப்பில் வந்த கைக்குழந்தைக்கும் அந்த வரையறையில் விலக்கில்லை. ஆகவே, இந்தியத் தாய்க்கு இந்திய மண்ணில் பிறந்த அந்தச் சிறுவன் இந்தியன் அல்லன்.

இனி இயல்புரிமை வழியைப் பார்ப்போம். நீண்ட காலம் வாழ்ந்தவருக்காகவே சட்டத்தில் உள்ள வாயில் இதுதான். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் தொடர்ந்து இந்தியாவில் இருந்திருக்கவேண்டும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகள் இங்கு வாழ்ந்திருக்கவேண்டும், நன்னடத்தை வேண்டும், அரசமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழியொன்றில் போதிய அறிவும் வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருப்பதை முகாம்வாசிகளுக்குச் சொல்லும்போது அவர்கள் சிரிப்பார்கள். 11 ஆண்டு கேட்கும் சட்டத்திடம் 35 ஆண்டுக் கணக்கைக் காட்ட அவர்களால் முடியும். மாதந்தோறும் முகாமில் நடக்கும் பெயர் சரிபார்ப்பில் அது பதிவாகியே இருக்கிறது. எனினும் 2003-இன் திருத்தம் இந்த வாயிலின் முன் ஒரு தொடரை நிறுத்திவிட்டது: 'சட்டவிரோதக் குடியேறி அல்லாத'. அந்தத் தொடருக்குப் பின் ஆண்டுக்கணக்கு எத்தனை கூடினாலும் பயனில்லை.

இங்கு நேபாளத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1950 ஜூலை 31-இல் கையெழுத்தான இந்திய-நேபாள அமைதி, நட்புறவு உடன்படிக்கை, ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் வசிக்கவும் தொழில் செய்யவும் சொத்து வாங்கவும் இடமளிக்கிறது. நேபாளத்தவர் எல்லையைக் கடக்கக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. அவர்களும் இங்கு எத்தனை ஆண்டு இருந்தாலும் தானாக இந்தியராகிவிடுவதில்லை, நேபாளியராகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் நுழைந்த விதம் சட்டப்படியானது. ஆகவே ஒருவர் விரும்பினால் அந்த 11 ஆண்டுகளைக் கணக்குக் காட்டி விண்ணப்பிக்க முடியும். சோனௌலி எல்லையில் பேருந்தில் வந்திறங்கியவரின் ஆண்டுகள் எண்ணப்படும்; தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவரின் ஆண்டுகள் எண்ணப்படமாட்டா. இருவரும் வாழ்ந்த காலம் ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் நிலை.

'அகதி' என்ற சொல்லுக்கே இந்தியச் சட்டத்தில் வரையறை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அரசு வீடு கட்டித் தருகிறது, உதவித்தொகை தருகிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கு மேல் நலத்திட்டங்களை அறிவித்து, முகாம்களின் பெயரையும் மாற்றியது. இவை அனைத்தும் மெய்யான உதவிகள். அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் குடியுரிமைச் சட்டத்தின் முன் நிற்கும்போது அந்த மனிதர் அகதியல்லர், சட்டவிரோதக் குடியேறி. ஆதார் அட்டை இருக்கிறதே என்று சிலர் நீட்டுவார்கள். ஆதார் இங்கு வசிப்பதற்கான அடையாளம்; அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்லிவிடுகிறது.

அப்படியானால் இவர்கள் இலங்கையர்தாமே, அந்நாட்டுக் குடியுரிமை இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். பெற்றோரைப் பொறுத்தவரை அது சரி. மன்னாரில் பிறந்த அந்தத் தாயும் தந்தையும் இன்றும் இலங்கைக் குடிமக்களே. இந்தியாவில் நாற்பது ஆண்டு இருந்தது அதைக் குலைக்கவில்லை. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றிருந்தால்தான் அது போயிருக்கும்.

சிக்கல் பிள்ளைகளிடம் தொடங்குகிறது. இலங்கைச் சட்டம் மண்ணைவிட மரபையே பார்க்கிறது. வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை மரபுவழிக் குடிமகனாக வேண்டுமானால், பிறப்பை ஓராண்டுக்குள் அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிவு செய்யவேண்டும். தக்க காரணம் காட்டினால் அமைச்சர் காலநீட்டிப்புத் தரலாம். 2003-இன் திருத்தம் வரும்வரை தந்தைவழி மட்டுமே செல்லுபடியானது. அதன்பின் தாய்வழியும் ஏற்கப்பட்டது. பதிவு நடக்காவிட்டால் குடியுரிமை அந்தரத்தில் நிற்கும்.

1989-இல் ஓர் ஏதிலிக் குடும்பம், தான் தப்பி வந்த அரசின் தூதரகத்துக்குப் போய்க் குழந்தையின் பெயரைப் பதிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். அச்சம் ஒரு பக்கம். சென்னைக்குப் போய்வர முகாமில் அனுமதியும் கையில் பணமும் வேண்டும் என்பது இன்னொரு பக்கம். பெற்றோரின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் வீட்டோடு எரிந்திருக்கும். பிற்காலத்தில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்ற அமைப்புகள் முயன்று பல ஆயிரம் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் காலங்கடந்தேனும் பதியச் செய்தன. நம் குடும்பத்தின் இரண்டாமவருக்கு அப்படிப் பதிவு கிடைத்தது. கடைசி மகனுக்கு இன்னும் இல்லை. ஆக, ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூவரில் ஒருவர் இந்தியர், ஒருவர் இலங்கையர், ஒருவர் எந்த நாட்டின் ஏட்டிலும் இல்லாதவர். "ஐயா, இவனுக்கு எந்த நாடு எண்டு எழுதுறது?" என்று அந்தத் தாய் கேட்டபோது, படிவத்தின் அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிடச் சொன்னேன். அதுவே உண்மையான விடையாக இருந்தது.

இந்த ஓராண்டு விதி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இந்தியச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. கொழும்பிலோ காத்மாண்டுவிலோ பணிபுரியும் இந்தியப் பெற்றோருக்கு 2004 டிசம்பர் 3-க்குப் பின் அங்கு குழந்தை பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதியவேண்டும். தவறினால் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்ப்போர் பலருக்கு இது தெரிவதில்லை. அதைப் போலவே தெரியாத இன்னொன்று 10-ஆம் பிரிவு. பிறப்பால் இந்தியரான ஒருவர் எத்தனை ஆண்டு வெளிநாட்டில் இருந்தாலும் அவருடைய குடியுரிமைக்குக் கேடில்லை. ஆனால் இயல்புரிமை வழியாகவோ பெரும்பாலான பதிவு வகைகள் வழியாகவோ இந்தியரானவர், தொடர்ந்து ஏழாண்டுகள் வெளியே வாழ்ந்து, மாணவராகவோ அரசுப் பணியிலோ இல்லாமல், குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும் எண்ணத்தை ஆண்டுதோறும் தூதரகத்தில் பதியாமலும் இருந்தால், மத்திய அரசு அவருடைய குடியுரிமையைப் பறிக்கலாம். வசிப்பிடம் குடியுரிமையைத் தின்னக்கூடிய ஓரிடம் இந்தியச் சட்டத்தில் இருக்கிறதென்றால் அது இதுதான்.

வசிப்பிடத்தின் பெயரால் ஒரு மக்கள் கூட்டமே குடியுரிமை இழந்த வரலாறும் நமக்கு அருகிலேயே இருக்கிறது. முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர் வழிவந்தவர்கள் என்பதால் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பகுதிகளிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். சுதந்திர இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ அவருக்கு முந்தைய தலைமுறையினரோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே இல்லாத லயத்து வாழ்வில் அது முடியாத காரியம். ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர்.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறப்பதுபோல் திறந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் இடையறாது ஏழாண்டு அங்கு வாழ்ந்ததைத் திருமணமானவர்கள் காட்டவேண்டும், மற்றவர்களுக்குப் பத்தாண்டு. இடையில் 12 மாதங்களுக்கு மேல் வெளியே இருந்திருந்தால் 'இடையறாத' என்ற சொல் உடைந்துவிடும். ஊர்த் திருவிழாவுக்கும் தங்கையின் கலியாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தமிழ்நாட்டுக்கு வந்து, கையில் காசில்லாமலோ நோயாலோ ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டவர்கள் கதி என்ன? தாய்வீட்டில் தங்கிய நாட்களே அவர்களுக்கு எதிரான சான்றாயின. 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை கிடைத்தவர்கள் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரளவே.

பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. 1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டனர்: 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியக் கடவுச்சீட்டோடு தலைமன்னாரில் கப்பலேறி வந்த அண்ணன், நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்று இந்தியக் குடிமகனாக ஓய்வு பெற்றார். அங்கேயே தங்கிய தம்பி, 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடி, அங்கிருந்து 1990-இல் படகேறி வந்து முகாமில் சட்டவிரோதக் குடியேறியானார். இத்தகைய அண்ணன்-தம்பிகள் தமிழ்நாட்டில் உண்டு. ஊரில் இருவரையும் 'சிலோன்காரர்' என்றே அழைக்கிறார்கள் என்பது வேறு.

இன்னொரு வகையினரும் இருந்தனர். ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையும் கடவுச்சீட்டும் பெற்றவர்கள். ஆனால் 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால் இலங்கையிலேயே தங்கிவிட்டவர்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டு, கால் பதிந்திருந்தது நுவரெலியாவில். இலங்கையின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கு நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை தந்தபோது இவர்களும் இலங்கையராயினர். நாடற்ற நிலை பெருமளவு நீங்கிய நாள் அது. ஆனால் அச்சட்டத்திலும் 'நிலையாக வாழ்ந்த' என்ற சொல் இருந்தது. போருக்கு அஞ்சி இந்திய முகாம்களுக்கு வந்திருந்தவர்களை அது வெளியே நிறுத்திவிட்டது. 2009-இல் இலங்கை நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து, போர் காரணமாக இந்தியாவில் தங்கியிருந்த காலம் அந்த உரிமைக்குத் தடையாகாது என்று வகைசெய்தது. விரும்பிப் போனதையும் விரட்டப்பட்டுப் போனதையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதைச் செய்தது இலங்கை நாடாளுமன்றம் என்பது நம்மில் சிலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இந்தியாவும் அத்தகைய வேறுபாட்டைக் கண்டிருக்கிறது. இலங்கையருக்கு மட்டும் அல்ல. பாகிஸ்தான், வங்கதேச நாடுகளின் சிறுபான்மையினர் ஆவணமின்றி இங்கு தங்குவதற்கு 2015 செப்டம்பரில் ஓர் அரசாணை விலக்களித்தது. ஆப்கானிஸ்தானும் பின்னர் சேர்க்கப்பட்டது. அந்த விலக்கின் மேல்தான் 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் எழுப்பப்பட்டது: 2014 டிசம்பர் 31 வரை வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவ சமயத்தார் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படார், 11 ஆண்டுக்குப் பதில் அவர்களுக்கு 5 ஆண்டு போதும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. முகாம்களில் இருப்போரில் ஆகப் பெரும்பாலோர் இந்துக்களும் கிறித்தவர்களும்தான் என்பதால், விடுபட்ட காரணம் சமயமன்று, நாடு.

2025-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம், அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ் வெளியான விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இங்குத் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கும் இடம் கிடைத்தது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காக இனி அவர்கள் மேல் வழக்குத் தொடர முடியாது. பெரிய ஆறுதல் இது. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள வரையறை மாறவில்லை. மற்ற நாட்டவருக்கு முதற்படி 2015-இல், இரண்டாம் படி 2019-இல். இலங்கைத் தமிழருக்கு முதற்படி மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டாம் படிக்கு நாடாளுமன்றத் திருத்தமே வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு இடங்களில் இன்றைய சட்டமே இடந்தருகிறது. முதலாவது, 'சட்டவிரோதக் குடியேறி' என்பவர் இந்தியாவுக்குள் 'நுழைந்த' அயல்நாட்டவர் என்கிறது வரையறை. 1993-இல் இராமநாதபுரத்து அரசு மருத்துவமனையில் பிறந்த கடைசி மகன் எங்கிருந்து எங்கே நுழைந்தார்? பிறப்பது நுழைவதாகாது. சொல்லை உள்ளபடி வாசித்தால் அவர் இந்தியக் குடிமகன் அல்லர். ஆயினும் சட்டவிரோதக் குடியேறியும் அல்லர். அப்படியானால் 11 ஆண்டுக் கணக்கோடு இயல்புரிமை கோரும் தகுதி அவருக்கு உண்டு. அவர் பக்கத்து ஊர்ப் பெண்ணை மணந்து 2018-இல் பிறந்த மகளோ, இந்தியத் தாய்க்கும் சட்டவிரோதக் குடியேறி அல்லாத தந்தைக்கும் பிறந்தவள் என்பதால் பிறப்பாலேயே இந்தியள். நிர்வாகம் இந்த வாசிப்பை இதுவரை பொதுவாக ஏற்றதாக நான் காணவில்லை. ஒரு சுற்றறிக்கையில் ஏற்றுக்கொள்ளக்கூடியதுதான் இது. இந்திய வம்சாவளியினரான 65 முகாம்வாசிகளின் வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்கவேண்டும் என்று மதுரைக் கிளை 2019 ஜூனில் சொன்னதன் அடியிலும் இத்தகைய பரிவான வாசிப்பே இருந்தது.

இரண்டாவது, 5-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு. சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக மத்திய அரசு கருதினால், எந்தச் சிறாரையும் இந்தியக் குடிமகனாகப் பதியலாம் என்கிறது அது. 'சட்டவிரோதக் குடியேறி அல்லாத' என்ற தொடர் முதல் உட்பிரிவில்தான் இருக்கிறது, இதில் இல்லை. இந்தியத் தாய்க்கு இந்தியாவில் பிறந்து, வேறெந்த நாட்டையும் கண்ணால் கண்டிராத ஒரு பிள்ளையைவிடச் சிறப்பான சூழ்நிலை வேறென்ன இருக்க முடியும்?

இவை நிகழும்வரை முகாம்வாசிகள் செய்யக்கூடியவையும் உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கு பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் சான்றிட்ட நகலை உடனே பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவமனை ஏட்டில் மட்டும் பதிவிருந்தால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். முதன்முதலில் மண்டபத்தில் பதிவான தாளின் நகலைத் தொலைக்கக்கூடாது. மலையக வழியினர், தாய் தந்தையரோ பாட்டன் பாட்டியோ பிறந்த தமிழ்நாட்டு ஊரின் பெயர் எழுதிய பழைய தாள் எதுவாயினும், அது தோட்டத்துத் துண்டுச்சீட்டாக இருந்தாலும், பாதுகாக்கவேண்டும். பெற்றோரில் ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் இந்திய வம்சாவளியினர் என்று சட்டம் ஏற்கிறது. இலங்கைக்குத் திரும்ப எண்ணுவோர் பிள்ளைகளின் பிறப்பைத் துணைத் தூதரகத்தில் பதியாமல் கிளம்பக்கூடாது. இங்கேயே இருக்க எண்ணுவோர், எந்தப் பதிவையும் செய்யுமுன் ஒரு வழக்குரைஞரைக் கலந்துகொள்வது நல்லது. ஒரு நாட்டில் எடுக்கும் தாள் மற்ற நாட்டின் கதவை அடைத்துவிடக்கூடும்.

2010-இல் பிறந்த அந்தப் பேரனுக்கு 2028-இல் 18 வயது நிறையும். அதற்குப்பின் சிறாருக்கான அந்த உட்பிரிவு அவனுக்குப் பயன்படாது. மாவட்ட ஆட்சியர் வழியாக அனுப்புவதற்கான அவனுடைய விண்ணப்பம் தயாராகிவிட்டது. தாயின் கடவுச்சீட்டு நகல், அவனுடைய பிறப்புச் சான்றிதழ், பத்தாண்டுப் பள்ளிச் சான்றுகள் எல்லாம் இணைத்தாயிற்று. தந்தையின் குடியுரிமை என்ற கட்டத்தில் இலங்கை என்று எழுதியிருக்கிறோம்.